எருமைக் கப்பல்

ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் யாரையாவது பிடித்து, "இருதயராஜைத் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த இருதயராஜ்?" என்று நெற்றியைச் சுருக்குவார். "எருமைக்கப்பல்" என்றால் போதும். "அடடே, அவனா! நல்லா இருக்கானா?" என்று முகமெல்லாம் பல்லாகிவிடும். மனுஷனுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒட்டிக்கொண்ட பெயர் இன்னும் உதிர்ந்தபாடில்லை.

தப்பு அவர் பேரில்தான். சேர்ந்த புதிதில் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரம், ஆளாளுக்குத் தங்கள் அப்பன் பெருமையை அளந்துகொண்டிருந்தார்கள். இவர் வாயை மூடிக்கொண்டு சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டிருக்கலாம். "எங்க நைனா எருமக் கப்பல்ல போனாரு. அதுல பட்லரு" என்று சொல்லிவைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த சண்முகசுந்தரம் திருநெல்வேலிக்காரர். வாயிலிருந்த கவளத்தை ஒரு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு, "எருமைக்கு எதுக்குவே பட்லரு? காலையில பெட் காபி குடுக்கவா?" என்று கேட்டார். அவ்வளவுதான், கேன்டீனே குலுங்கிவிட்டது.

இருதயராஜ் கையை ஓங்கியிருக்கிறார், மேலதிகாரியிடம் புகார் பண்ணியிருக்கிறார், ஒரு மாதம் யாரோடும் பேசாமல் இருந்திருக்கிறார். ஒன்றும் பலிக்கவில்லை. பெரிய வேதனை என்னவென்றால், சண்முகசுந்தரம் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. எருமைக்கு எதற்கு பட்லர்? ராத்திரி படுத்தால் இவருக்கே அது குடையும்.

கேட்டதற்கு அவருடைய அம்மா சூசம்மா சொன்னது அந்த ஒரு வரிதான். ராயபுரத்தில் ஒண்டுக்குடித்தனம், ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, ஒரே பிள்ளை. "நைனா எங்கம்மா?" என்று கேட்டால் "எருமக் கப்பல்ல போனாரு. அதுல பட்லரு" என்பாள். மேற்கொண்டு கேட்டால் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்விடுவாள். அவளும் போய்ச் சேர்ந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. உலகச் சண்டைக் காலத்தில் மாடு ஏற்றிப்போன ஏதோ கப்பல் நடுக்கடலில் முழுகிவிட்டது, நைனா சவரிநாதனும் அதோடு போய்விட்டார் என்று இவராகத்தான் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். 'போனாரு' என்றால் நம் ஊரில் வேறென்ன அர்த்தம்?

இப்போது அவர் இருப்பது வானகரத்தில், மகள் ஷோபனாவின் அடுக்குமாடி வீட்டில். ஷோபனாவுக்கு வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. மருமகன் மஸ்கட்டில். அக்டோபர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் நிறுத்துமிடத்தில் குடியிருப்போர் சங்கக் கூட்டம் நடந்தது. தண்ணீர் லாரி சண்டை ஒருவழியாக ஓய்ந்து டீ வந்தபோது, மூன்றாவது மாடி விக்ரம் தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டிக்கொண்டிருந்தான். விக்ரம் கரூர்ப் பையன், அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. லீவு கிடைத்தால் ஆக்சிஜன் மூட்டையைக் கட்டிக்கொண்டு எந்தக் கடலிலாவது குதிப்பான். சம்பளம் கொடுத்து இந்தக் கிறுக்கையும் கொடுத்திருக்கிறானே ஆண்டவன் என்று இருதயராஜ் நினைத்துக்கொள்வார்.

"இது மட்டக்களப்புக்கிட்டங்க அங்கிள். கடலுக்கு அடியில ரொம்ப ஆழத்துல கிடக்குது. ரெண்டாம் உலகச் சண்டையில முழுகின கப்பலுங்க."

பச்சை இருட்டில் துருவேறிய இரும்பும் மீன்களும் தெரிந்தன. "இன்னா கப்பலு?" என்று ஒப்புக்குக் கேட்டுவைத்தார்.

"எங்களக் கூட்டிட்டுப் போன போட்டுக்காரரு எருமீஸ் கப்பல், எருமீஸ் கப்பல்னே சொல்லுவாருங்க. நிஜப் பேரு ஹெர்மிஸ். வெள்ளக்காரனோட விமானந்தாங்கிக் கப்பல்."

இருதயராஜின் கையிலிருந்த டீ வேட்டியில் கொட்டியது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை.

"இன்னா சொன்ன? திருப்பிச் சொல்லு."

"ஹெர்மிஸ்ங்க."

"அது வேணாம்பா. போட்டுக்காரன் சொன்னத சொல்லு."

"எருமீஸ்..."

"எருமீஸ் கப்பலு. எருமீஸ் கப்பலு. எருமக் கப்பலு!" வேகமாகச் சொல்லச் சொல்ல, பாருங்கள், அந்த 'ஸ்' தானாகவே எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. "அதுல பட்லருங்க இருப்பாங்களா?"

"எத்தனையோ ஆபீசருங்க இருந்த கப்பலுங்க. சமைக்க, பரிமாற ஆளுங்க இல்லாமயா? நம்மூர்க்காரங்களும் இருந்திருக்கலாம்" என்றான் விக்ரம், கிழவருக்கு என்ன வந்தது என்று புரியாமல்.

அன்றிலிருந்து பையனைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் அவன் வண்டி உள்ளே நுழைகிற சத்தம் கேட்டால் லிஃப்ட் வாசலில் நிற்பார். அவனும் சலிக்காமல் சொன்னான். விமானங்களைச் சுமப்பதற்கென்றே அடியிலிருந்து வரைபடம் போட்டுக் கட்ட ஆரம்பித்த முதல் கப்பல் அது. யுத்தம் வந்தபோது அதற்கு வயதாகிவிட்டது, வேகமும் போதாது. இருந்தாலும் இந்துமாக் கடல் முழுக்க அலைந்து, சரக்குக் கப்பல்களுக்குத் துணை போனது, எதிரிக் கப்பல்களைத் தேடியது. கடைசியில் ஜப்பான்காரன் வருகிறான் என்று திருகோணமலையை விட்டு வெளியே ஓடி, திரும்பிவரும் வழியில் மாட்டிக்கொண்டது. விமானங்கள் கூட்டமாக வந்து குண்டு மழை பொழிந்ததில் சற்று நேரத்திலேயே முழுகிவிட்டது. முந்நூறு பேருக்கு மேல் செத்தார்கள்.

"என்னிக்கு?"

"நாப்பத்திரண்டு ஏப்ரல் ஒம்பதுங்க."

இருதயராஜ் சிலுவை போட்டுக்கொண்டார். துக்கத்தைவிட அவருக்குச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது, அதை மறைப்பானேன். எண்பது வருஷத்துக்குப் பிறகு நைனாவுக்கு ஒரு கப்பல் கிடைத்திருக்கிறது, ஒரு தேதி கிடைத்திருக்கிறது, மாட்டுச் சாணி நாற்றமில்லாத ஒரு சாவு கிடைத்திருக்கிறது.

கல்லறைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் கல்லறைக்கல் வெடித்துப்போய்க் கிடந்ததால், புதுக்கல் போட வேண்டும் என்று ஷோபனா வெகுநாளாகச் சொல்லிவந்தாள். மறுநாளே பூந்தமல்லிக்கு ஆட்டோ வைத்துப் போய், கல் வெட்டும் தங்கவேலிடம் வாசகத்தைச் சொல்லிவிட்டு வந்தார்: 'ஹெர்மிஸ் போர்க்கப்பலில் 9-4-1942 அன்று வீரமரணம் எய்திய சவரிநாதனின் மனைவி சூசம்மாள்.' வீரமரணம் என்பதை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொன்னார்.

அடுத்து சண்முகசுந்தரம். அந்த ஆளிடம் சொல்லாமல் இந்தச் செய்தி முழுமையாகுமா? ஐயப்பன்தாங்கலில் மகன் வீட்டில் இருந்தவரை போன் பண்ணி வரவழைத்தார். ஷோபனாவை மெதுவடை சுடச் சொன்னார். மகன் காரில் கொண்டுவந்து விட, சண்முகசுந்தரம் மூட்டு வலியோடு சோபாவில் சரிந்தார்.

"சொல்லும்வே, அப்படி என்ன தலைபோற காரியம்?"

இருதயராஜ் நிதானமாக, ஒன்றையும் விடாமல், விக்ரம் சொன்னதை எல்லாம் சொன்னார். சண்முகசுந்தரம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"அட நாசமாப் போற! வெள்ளைக்காரன் போர்க்கப்பலயா இத்தன வருசமா எருமைன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்? மன்னிச்சுக்கிடும்வே. மனசாரச் சொல்லுதேன், மன்னிச்சுக்கிடும்."

இருதயராஜுக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. வடைத் தட்டை நகர்த்தி வைத்தார்.

"எந்த வருசம்னு சொன்னீரு?"

"நாப்பத்திரண்டு. ஏப்ரலு."

"நாப்பத்திரண்டா? அப்ப நீரு கைப்பிள்ளையா இருந்திருப்பீரு. இல்லையே, நீரும் நானும் ஒரே மாசம்லா ரிட்டையர் ஆனோம். ரெண்டு பேரும் பொறந்தது நாப்பத்திமூணு ஆகஸ்டுலா. அப்பம் உம்ம அய்யா முழுகுனதுக்குப் பொறகு நீரு எப்படி..."

சண்முகசுந்தரம் அதோடு நிறுத்திக்கொண்டார். ஆரம்பிக்கும்போது கண்ணில் மின்னிய பழைய குறும்பு சட்டென்று அணைந்து, முகம் வெளிறிப்போனது. 

"எப்படி? இன்னா சொல்ல வந்த?"

"ஒண்ணுமில்லவே. வடை நல்லா இருக்கு. என்ன எண்ணெய்?"

அந்த ஆள் ஒரு கேலியைப் பாதியில் விழுங்கி இருதயராஜ் பார்த்ததே இல்லை. அப்புறம் அவருக்கும் உறைத்தது. பெரிய கணக்கு ஒன்றுமில்லை. கப்பல் முழுகி ஒரு வருஷம் கழித்து, அதற்கும் மேலே நாலு மாதம் கழித்து, அவர் பிறந்திருக்கிறார்.

சண்முகசுந்தரம் அதற்குப் பிறகு மூட்டு வலியைப் பற்றிப் பேசினார், மழையைப் பற்றிப் பேசினார். மகன் கார் வந்ததும் இருதயராஜின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒடம்பப் பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எருமைக்கப்பல் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வாய்விட்டுச் சிரித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

இருதயராஜ் தங்கவேலுக்குப் போன் பண்ணி, கல்லில் கை வைக்காதே என்று சொன்னார். ஏன் என்று அவர் கேட்டதற்கு, "நிறுத்துன்னா நிறுத்துய்யா!" என்று எரிந்து விழுந்தார். விக்ரமின் வண்டிச் சத்தம் கேட்டால் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். படுத்தால் தூக்கமா வரும்? ராயபுரத்து வீட்டுக்கு வந்துபோன ஆண்கள் ஒவ்வொருவராகக் கண்முன் வந்தார்கள். ரொட்டி கொண்டுவந்த ஆள், கோயில் உபதேசியார், அரிசி கொடுத்துவிட்டுப் போகும் தூரத்து மாமா. யாருடைய மூக்கு தன் மூக்கு மாதிரி இருந்தது என்று யோசிக்கும் அளவுக்கு அந்தப் பாழாய்ப்போன மனசு போனது. பிறகு தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆஸ்பத்திரியில் அடுத்தவர்களின் மலஜலம் வாரி அவரைப் படிக்கவைத்தவள் அவள்.

"உங்களுக்கு என்னாச்சுப்பா? சாப்பிட மாட்டேன்றீங்க" என்று ஷோபனா கேட்டாள். அவளுக்கும் தெரிந்திருந்தது. அடுப்படியில் நின்று வடை சுட்டவளுக்குக் காது கேட்காதா? "அந்தக் கப்பலே வேற எதுவாவது இருக்கும். நீங்களா எதையாவது போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றாள். அதுதான் அவரால் முடியவில்லை. கப்பல் அதுதான் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அது அதுவாக இருந்தால் அம்மா யார் என்பதுதான் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை மழை பிடித்துக்கொள்ளும் போல வானம் இருண்டு கிடந்தது. விக்ரம் கதவைத் தட்டி உள்ளே வந்தான். கப்பலின் பழைய படம் ஒன்றைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தான். இருதயராஜ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதே நேரத்தில் ஷோபனா கைப்பையை மாட்டிக்கொண்டு, செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு ஓடினாள். குடை கதவுக் கொக்கியிலேயே தொங்கியது.

"ஏய், கொடை!" என்று இருதயராஜ் கத்தினார். பிறகு பழக்க தோஷத்தில் அவர் வாய் பாட்டுக்குச் சொன்னது: "எருமக் கப்பல் மாரி குட்டிய கரையில வுட்டுட்டுப் போறியே! அப்பறம் நைனா மாரி தொப்பலா நனைஞ்சிகினு வந்து நிப்ப."

அது சூசம்மாவின் வசவு. பள்ளிக்கூடம் போகும்போது குடையை மறந்தால், பலகையை மறந்தால், சோத்து டப்பாவை மறந்தால், அம்மா அதைத்தான் சொல்லுவாள். இவர் ஷோபனாவுக்குச் சொன்னார். ஷோபனா தன் பிள்ளைகளுக்குச் சொல்கிறாள். யாரும் அதைக் காது கொடுத்துக் கேட்பதில்லை. ஷோபனா சிரித்துக்கொண்டே குடைக்குக் கையை நீட்டினாள்.

விக்ரம்தான் அசையாமல் நின்றான். "அங்கிள், என்ன சொன்னீங்க இப்ப?"

"ஒண்ணுமில்லப்பா. எங்கம்மா திட்றது."

"குட்டியக் கரையில விட்டுட்டா? அத உங்கம்மாவுக்கு யாருங்க சொன்னாங்க? நான் அந்த விஷயத்த உங்ககிட்ட இன்னும் சொல்லவே இல்லையே!"

"எந்த விஷயத்த?"

விக்ரம் படத்தைத் தூக்கிப் பிடித்தான். கப்பலின் தட்டையான மேல்தளத்தைக் காட்டினான். "இது மேல விமானம் நிக்கணுங்க. அதுக்குத்தான் கப்பலே. ஆனா முழுகின அன்னிக்கு இதுல ஒரு விமானம்கூட இல்ல. எல்லாத்தையும் திருகோணமலையில கரையில விட்டுட்டுக் கிளம்பிட்டாங்க. விமானந்தாங்கிக் கப்பல் வெறும் முதுகோட போய் மாட்டிக்கிச்சு. கூட வந்து காப்பாத்த அதோட சொந்த விமானமே இல்ல."

இருதயராஜ் படத்தைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"சண்டை நடக்கிறப்ப இதெல்லாம் பேப்பர்ல போட்டிருக்க மாட்டாங்க அங்கிள். அங்க இருந்தவங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கும்" என்றான் விக்ரம்.

"எல்லாரும் சாவலியா?"

"இல்லீங்களே! செத்தவங்களவிடப் பிழைச்சவங்க அதிகம். பக்கத்துல போன ஆஸ்பத்திரிக் கப்பல் ஒண்ணு தண்ணியில கிடந்தவங்கள அள்ளிட்டுப் போய் கொழும்புல இறக்குச்சு."

ஷோபனா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பஸ் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள். "வேற யாராச்சும் பிழைச்சவங்க வந்து ஆயாகிட்ட சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள், தயங்கித் தயங்கி.

"இரு, இரு." இருதயராஜ் கையமர்த்தினார். அந்த வசவை, அம்மா இழுக்கிற மாதிரியே இழுத்து, ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். முதல் பாதிக்கு விக்ரம் அர்த்தம் சொல்லிவிட்டான். இரண்டாவது பாதியை அவர் இத்தனை நாளாக மழை என்றே நினைத்திருந்தார். குடை இல்லாமல் போனால் நனையத்தானே வேண்டும்? பட்லருக்கும் மழையில் ஒருநாள் குடை மறந்துபோயிருக்கும், அம்மா அதைச் சொல்லிக் காட்டுகிறாள் என்று விட்டுவிட்டார்.

"நைனா மாரி நனைஞ்சிகினு..." அவர் ஷோபனாவின் பக்கம் திரும்பினார். "வந்து நிப்ப. வந்து நிப்பன்னு சொல்றா ஷோபனா. வந்து நின்னாரும்மா! எங்க நைனா வந்து நின்னாரு! கடல்ல வுழுந்த மனுசன் ராயபுரம் வர்றதுக்குள்ள காயாமயா இருந்திருப்பாரு? அது அவ கிண்டலு. புருசன் உசுரோட வந்துட்டான்னு அவளுக்குக் கிண்டலு!"

சொல்லிவிட்டு ஓவென்று அழுதார். எண்பத்திரண்டு வயது மனுஷர், பக்கத்து வீட்டுப் பையன் முன்னால், மூக்கு ஒழுக ஒழுக அழுதார். "மூணு நாளா அவள சந்தேகப்பட்டேன்மா. பாவி நான், மூணு நாளா ரொட்டிக்காரன் மூஞ்சியப் பாத்துகினு கீறேன்."

ஷோபனா அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். விக்ரம் என்ன ஏது என்று தெரியாமலே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

அழுது ஓய்ந்ததும் மகள்தான் அதைக் கேட்டாள். அவளுக்கும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்ப தாத்தா வந்துட்டு, அப்பறம் எங்கப்பா போனாரு? அவரு உங்கள இடுப்புல தூக்கினதா யாரும் சொன்னதில்லையே."

"தெரியல."

"திரும்பக் கப்பலுக்குப் போனாரா, இல்ல நம்மள வுட்டுட்டே..."

"இருக்கலாம். வுட்டுட்டே போயிருக்கலாம்." அவர் முகத்தைத் துண்டால் துடைத்தார். சில நாளைக்கு முன்னால் கிடைத்த வீரன் இன்றைக்குக் கைநழுவிப் போய்விட்டான் என்பது அவருக்கு விளங்கத்தான் செய்தது. அந்த வீரமரணத்தை நினைத்து நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொள்ளவும் செய்தது. "எருமக் கப்பல்ல போனாருன்னு மட்டும் சொன்னா. செத்தாருன்னு அவ ஒரு நாளும் சொன்னதில்ல. நாந்தான் சாவடிச்சிட்டேன்."

மழை விட்டதும் ஆட்டோ பிடித்து மூன்று பேருமாகப் பூந்தமல்லிக்குப் போனார்கள். தங்கவேல் கறுப்புக் கல்லைச் சாய்த்து வைத்து, சாக்பீஸில் கோடு போட்டுத் தயாராக வைத்திருந்தார். அன்றைக்கு வாங்கின திட்டு அவர் முகத்தில் இன்னும் மிச்சம் இருந்தது.

"வீரமரணத்த எடுத்துடு தம்பி" என்றார் இருதயராஜ். "தேதியும் வேணாம்."

"சரிங்கய்யா. அப்ப ஐயாவோட மறைவு தேதி வேற என்ன போடறது?"

"அது எனக்குத் தெரியாது."

"வருஷமாச்சும்?"

"தெரியாது."

தங்கவேல் சாக்பீஸைக் காதில் சொருகிக்கொண்டு ஷோபனாவைப் பார்த்தார். ஷோபனா அப்பாவைப் பார்த்தாள். இருதயராஜ் கல்லுக்கு முன்னால் சிரமப்பட்டுக் குனிந்து, வெறும் இடத்தை உள்ளங்கையால் துடைத்தார்.

"எழுதிக்கோ. சூசம்மாள். அடுத்த வரி: இவர் கணவர் சவரிநாதன், கப்பல் முழுகிய பின் வீடு வந்து சேர்ந்தார்."

"வீடு வந்து சேர்ந்தாருன்னா?" தங்கவேலுக்குப் பிடிபடவில்லை. "ஐயா, கல்லறைக்கல்லுல போனதத்தாங்க போடுவாங்க. வந்ததெல்லாம் யாரும் போட மாட்டாங்க. பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அவரு போனது எனக்குத் தெரியாது. வந்தது தெரியும். அத வெட்டு. எங்கம்மா பேருக்குப் பக்கத்துலயே வெட்டு."